தூரம் ஒன்று, நேரம் பல
(சென்னை – பலாலி வான்வழி: ஒரு புவியியல் கணக்கு)

"உலகம் சுருங்கிவிட்டது" என்னும் சொற்றொடரை நாம் மேடைகளில் கேட்கிறோம். கட்டுரைப் போட்டிகளில் எழுதியும் விடுகிறோம். ஆனால் சற்று நின்று எண்ணிப் பார்த்தால், இது எவ்வளவு தூரம் உண்மை என்ற ஐயம் எழாமல் இராது. பூமியின் சுற்றளவு அன்றும் ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர், இன்றும் அதுவே. ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ள நிலமோ கடலோ ஒரு சாண்கூடக் குறையவில்லை. அப்படியானால் சுருங்கியது எது? பயண நேரம்தான். நேரம் சுருங்கக் கூடியது என்றால், அது மீண்டும் நீளவும் கூடும் அல்லவா? இதனை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

இந்த உண்மையை விளக்க ஓர் எடுத்துக்காட்டைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. அடுத்தடுத்த இரு நாடுகளில் உள்ள இரண்டு விமான நிலையங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, சென்னையில் மீனம்பாக்கத்தில் உள்ள விமான நிலையம். மற்றொன்று, இலங்கையின் வட முனையில், யாழ்ப்பாண நகருக்கு வடக்கே உள்ள பலாலி விமான நிலையம். இவ்விரண்டுக்கும் இடையே தூரம் எவ்வளவு? பறக்க எத்தனை நேரம் ஆகும்? கேள்விகள் எளியவை. விடைகள் அவ்வளவு எளியவை அல்ல என்பதைப் போகப் போகக் காண்போம்.

1. தூரத்தை அளப்போம்

தேசப்படப் புத்தகத்தைத் திறந்து, அடிக்கோலை வைத்து அளந்து, அளவுத்திட்டத்தால் பெருக்குவது நாம் அனைவரும் அறிந்த முறை. அதைவிட நுட்பமான முறை ஒன்று உண்டு. அதற்கு அடிக்கோல்கூட வேண்டாம். இரண்டு இடங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் போதும்.

பூகோள உருண்டையில் ஒரு பாகையை 60 பங்குகளாகப் பிரித்தால், ஒவ்வொரு பங்கும் ஒரு கலை எனப்படும். வடக்கு தெற்காக ஒரு கலை நகர்ந்தால் நாம் கடக்கும் தூரமே ஒரு கடல் மைல். கப்பலோட்டிகள் வைத்த இந்த அளவையே விமானிகளும் இன்றுவரை பயன்படுத்துகின்றனர். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர், அதாவது 1.852 கிலோமீட்டர் என்று உலக நாடுகள் வரையறுத்துள்ளன.

இனி நம் இரு இடங்களையும் பார்ப்போம்.

சென்னை விமான நிலையம்: வடக்கு 12 பாகை 59 கலை; கிழக்கு 80 பாகை 10 கலை.

பலாலி விமான நிலையம்: வடக்கு 9 பாகை 48 கலை, கிழக்கு 80 பாகை 4 கலை.

முதலில் அட்சரேகைகளின் வேறுபாடு. 12 பாகை 59 கலையிலிருந்து 9 பாகை 48 கலையைக் கழித்தால் 3 பாகை 11 கலை. ஒரு பாகைக்கு 60 கலை வீதம் 3 பாகைக்கு 180. அதனோடு 11-ஐக் கூட்டினால் 191 கலை. ஆகவே தூரம் 191 கடல் மைல். இதை 1.852-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 354 கிலோமீட்டர். விடை கிடைத்துவிட்டது!

"தீர்க்கரேகை வேறுபாட்டை விட்டுவிட்டீர்களே" என்று கணக்கில் கெட்டிக்காரத் தோழியர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிழக்கு மேற்காக உள்ள வேறுபாடு வெறும் 6 கலை. கிலோமீட்டரில் ஏறத்தாழ 11. இப்போது செங்கோண முக்கோணம் ஒன்றை வரைவோம். நெடும்பக்கம் 354, குறும்பக்கம் 11. பிதாகரஸ் தேற்றப்படி கர்ணத்தைக் கண்டால் 354.2 வருகிறது. பதினொரு கிலோமீட்டர் பக்கவாட்டில் விலகியிருந்தும், மொத்தத் தூரத்தில் கூடுவது 200 மீட்டர்கூட இல்லை! தேற்றத்தை மனப்பாடம் செய்தபோது தோன்றாத வியப்பு இங்கே தோன்றுகிறது அல்லவா?

இதிலிருந்து மற்றோர் உண்மையும் புலப்படுகிறது. சென்னையும் பலாலியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் அமைந்துள்ளன. மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு நேர்கோடு வரைந்தால், அது கல்பாக்கத்தைத் தாண்டியதும் கரையை விட்டுக் கடலுக்குள் போய்விடும். பிறகு புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம், கோடியக்கரை ஆகிய ஊர்கள் எல்லாம் வலப்புறம் மேற்கே வரிசையாக வந்துபோகும். இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் கோடு முடியும். பெரும்பகுதி வங்கக் கடலின் மேலேயே செல்லும் வழி இது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றையும் கணக்கிட்டு வைத்துக்கொள்வோம். கொழும்பு நகரின் பன்னாட்டு விமான நிலையம் கட்டுநாயக்காவில் உள்ளது. அதன் அட்சரேகை வடக்கு 7 பாகை 11 கலை. சென்னையிலிருந்து வேறுபாடு 348 கலை. தீர்க்கரேகை வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் தூரம் ஏறத்தாழ 645 கிலோமீட்டர். பலாலி 354, கட்டுநாயக்கா 645. இவ்விரு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னர் தேவைப்படும்.

2. தூரத்தை வேகத்தால் வகுத்தால் போதுமா?

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது கீழ்வகுப்பிலேயே படித்த பாடம். சென்னை – பலாலி வழியில் பறக்கும் விமானம் ஏ.டி.ஆர். 72 என்னும் வகையைச் சேர்ந்தது. இரு சிறகுகளிலும் சுழலும் விசிறிகளைக் கொண்டது. ஏறத்தாழ 70 பயணிகளை ஏற்றிச் செல்லும். நன்கு உயர்ந்து சீராகப் பறக்கும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். 354-ஐ 500-ஆல் வகுத்தால் 0.708 மணி; அதாவது 43 நிமிடங்களுக்கும் சற்றுக் குறைவு.

ஆனால் கால அட்டவணையைப் பார்த்தால் ஏறத்தாழ 1¼ மணி நேரம் என்று குறித்திருப்பதைக் காணலாம். 43 நிமிடம் எங்கே, 75 நிமிடம் எங்கே! எஞ்சிய 32 நிமிடம் எங்கே போயிற்று?

இதற்கு விடை, விமானக் கம்பெனிகள் நேரத்தைக் கணக்கிடும் முறையில் இருக்கிறது. நிற்கும் விமானம் நகர்ந்துவிடாமல் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கிய நொடி முதல், மறு ஊரில் வந்து நின்று மீண்டும் கட்டை வைக்கும் நொடி வரை உள்ளதே அட்டவணையில் வரும் பயண நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும், முன்னே நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருக்கும் நேரமும் அதில் அடங்கும்.

அடுத்து, மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் பறப்பதில்லை. மேலும், வானத்தில் வழிகள் இல்லை என்று நாம் எண்ணினாலும், அங்கும் வகுக்கப்பட்ட வழிகள் உண்டு. விமானி தம் விருப்பப்படி அடிக்கோல் வைத்த நேர்கோட்டில் பறந்துவிட முடியாது. தரையில் உள்ள கட்டுப்பாட்டு நிலையத்தார் சொல்லும் வழியில், சொல்லும் உயரத்தில் பறக்க வேண்டும். ஓடுபாதையில் இறங்குவதும் காற்றை எதிர்த்தே இருக்க வேண்டும் என்பதால், சில நாள்களில் ஊரைத் தாண்டிச் சென்று சுற்றி வந்து இறங்க நேரிடும்.

ஆகவே, பறப்பதற்கு 43 நிமிடம். கிளம்பும் முன் ஊர்தலுக்கும் காத்திருப்பதற்கும் 15. ஏற்ற இறக்கத்திற்கும் சுற்று வழிக்கும் 10. இறங்கியபின் நிலையத்தை வந்தடைய 7. ஆக மொத்தம் 75 நிமிடம் என்று நாமே ஒரு மதிப்பீடாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். நாளுக்கு நாள் இந்தப் பங்குகள் மாறும். ஆனால் இவை இல்லாத பயணம் இல்லை.

இப்போது கட்டுநாயக்கா கணக்கை எடுப்போம். அங்கே செல்லும் ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று கொள்வோம். 645-ஐ 800-ஆல் வகுத்தால் 48 நிமிடம். ஊர்தலும் ஏற்ற இறக்கமும் சேர்ந்து அட்டவணையில் ஏறத்தாழ 1½ மணி என்று வரும். வியப்பு என்னவென்றால், பலாலியைப் போல் கிட்டத்தட்ட இருமடங்கு தொலைவில் உள்ள கட்டுநாயக்காவுக்கு ஏறத்தாழக் கால் மணி நேரமே கூடுதலாகிறது! தூரம் இரட்டித்தால் நேரமும் இரட்டிக்கும் என்னும் விதி, வேகம் ஒன்றாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

3. காற்று கொடுப்பதும் எடுப்பதும்

ஆற்றில் நீரோட்டத்தோடு செல்லும் படகு விரைந்து செல்லும். எதிர்த்துச் செல்லும் படகு தாமதமாகும். வானத்திலும் அப்படியே. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் தரையைப் பொறுத்தவரை 450 கிலோமீட்டர் வேகத்தில்தான் முன்னேறும். அப்போது 354 கிலோமீட்டரைக் கடக்க 47.2 நிமிடம். திரும்பும்போது அதே காற்று பின்னிருந்து தள்ளினால் வேகம் 550, நேரம் 38.6 நிமிடம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. போகும்போது இழந்ததைத் திரும்பும்போது பெற்றுவிடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். கூட்டிப் பார்ப்போம். காற்று இருக்கும்போது போய் வர 85.8 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 85 நிமிடம். ஆக, காற்று எடுத்துக்கொண்டதை முழுதும் திருப்பித் தரவில்லை! காரணம், மெதுவான வேகத்தில் நாம் அதிக நேரம் இருக்கிறோம். விரைவான வேகத்தில் குறைந்த நேரமே இருக்கிறோம். சராசரி வேகம் காணும் கணக்குகளில் இரண்டு வேகங்களையும் கூட்டி இரண்டால் வகுக்கக்கூடாது என்று கணித ஆசிரியை எச்சரிப்பதன் காரணம் இதுவே.

பக்கவாட்டிலிருந்து வீசும் காற்றும் உண்டு. அப்போது விமானி மூக்கைச் சற்றுக் காற்றின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே பறப்பார். ஆற்றைக் கடக்கும் ஓடக்காரர், சேர வேண்டிய துறைக்குச் சற்று மேலே குறிவைத்துத் துடுப்புப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

4. கடிகாரம் செய்யும் மாயம்

புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் டிக்கெட்டில் பார்த்துக் கழித்துவிட்டால் பயண நேரம் வந்துவிடும் என்று எண்ணுகிறோம். இரு நாட்டுக் கடிகாரங்களும் ஒன்றாக ஓடினால் அது சரி. இல்லாவிட்டால் என்ன ஆகும்?

பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. ஒரு கலைக்கு 4 விநாடி. சென்னைக்கும் பலாலிக்கும் தீர்க்கரேகை வேறுபாடு 6 கலை. ஆகவே, சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்து 24 விநாடி கழித்துப் பலாலியிலும் உச்சிக்கு வந்துவிடும். இயற்கை இரண்டு ஊர்களுக்கும் ஒரே நண்பகலைத்தான் வைத்திருக்கிறது.

ஆனால் மனிதர் வைத்த கடிகாரம் எப்போதும் அப்படி இருந்ததில்லை. இந்திய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 5½ மணி முன்னால் உள்ளது. இலங்கையும் அவ்வாறே இருந்தது. 1996 மே மாதத்தில் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. அதுமுதல் 2006 ஏப்ரல் வரை இரு நாடுகளுக்கும் இடையே அரை மணி வேறுபாடு நிலவியது. 2006 ஏப்ரலில் இலங்கை மீண்டும் 5½ மணிக்கே திரும்பியது.

2000-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒருவர் சென்றிருந்தால் என்ன கண்டிருப்பார்? பறக்கும் நேரம் 1½ மணி என்று கொள்வோம். காலை 10 மணிக்குக் கிளம்பிய விமானம் கொழும்பு நேரப்படி 12 மணிக்குச் சேரும். டிக்கெட்டின்படி 2 மணி நேரப் பயணம்! திரும்பும்போது கொழும்பில் பகல் 1 மணிக்குக் கிளம்பிச் சென்னை நேரப்படி 2 மணிக்கு வந்துவிடும். டிக்கெட்டின்படி ஒரே மணி நேரம்! போகும்போது மெதுவாகவும் வரும்போது விரைவாகவும் விமானம் பறந்தது என்று எண்ணினால் ஏமாந்து போவோம். இரு நேரங்களையும் கூட்டி இரண்டால் வகுத்தால் உண்மை நேரம் 1½ மணி வெளிப்பட்டுவிடும். வெவ்வேறு நேர மண்டலங்களில் உள்ள ஊர்களுக்கும் இந்த உபாயம் ஓரளவுக்குக் கைகொடுக்கும்.

5. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு

விமான நிலையத்தில் எவரும் குடியிருப்பதில்லை. பயணம் வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடிகிறது. ஆகவே பெற்றோர்க்கும் உற்றார்க்கும் தேவைப்படுவது அந்த முழு நேரமே.

யாழ்ப்பாண நகரில் ஒரு பாட்டி. சென்னையில் அவருடைய பேத்திக்குத் திருமணம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து பலாலி செல்ல ½ மணி. வெளிநாட்டுப் பயணம் ஆதலால் பாஸ்போர்ட், சுங்கம், பாதுகாப்புச் சோதனைகளுக்காக 3 மணி நேரம் முன்னதாகவே செல்ல வேண்டும். விமானத்தில் 1¼ மணி. மீனம்பாக்கத்தில் வரிசையில் நின்று பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர 1 மணி. அங்கிருந்து பேத்தியின் வீட்டிற்கு 1 மணி. ஆக மொத்தம் 6¾ மணி, அதாவது 405 நிமிடம். இதில் விமானம் சீராகப் பறந்த நேரம் 43 நிமிடம் மட்டுமே. ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு! விமானத்தின் வேகத்தை இருமடங்காக்கினாலும் பாட்டிக்கு இருபது நிமிடம்தான் மிச்சமாகும். சோதனை வரிசையைச் சீராக்கினால் அதைவிட அதிகம் மிச்சமாகும்.

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இல்லாத காலத்தில் அதே பாட்டி எப்படி வந்திருப்பார்? முதலில் சாலை வழியே தெற்கு நோக்கிக் கட்டுநாயக்கா வரவேண்டும்; ஏறத்தாழ 370 கிலோமீட்டர், 8 மணி நேரம். பின் நிலையத்தில் 3 மணி, விமானத்தில் 1½ மணி, இறங்கி வெளியே வர 1 மணி, வீடு சேர 1 மணி. ஆக 14½ மணி நேரம். கடந்த தூரமோ 370-உம் 645-உம் சேர்ந்து 1,015 கிலோமீட்டர். 354 கிலோமீட்டர் வடக்கே உள்ள ஊருக்கு வர, முதலில் தெற்கே போய், அதன்பின் வந்த வழிக்கு நேராக வடக்கே பறந்து, ஏறத்தாழ மூன்று மடங்கு தூரம்! விசா பெறுவதற்கான நாள்களை நாம் இக்கணக்கில் சேர்க்கவில்லை.

திருமணம் என்றால் ஒரு நாள் முன்னதாகக் கிளம்பிவிடலாம். இறப்புச் செய்தி வந்தால்? அடக்கத்திற்கு முன் ஒரு முறை முகம் பார்க்க வேண்டும் என்று துடிப்பவர்களுக்கு 6¾ மணிக்கும் 14½ மணிக்கும் உள்ள வேறுபாடு வெறும் கணக்கன்று.

6. அதே 354 கிலோமீட்டர் கண்ட மாற்றங்கள்

இந்தக் குறுகிய கடல்வழியின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்தால் நம் கருத்து தெளிவாகும்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் ரயில் ஏறித் தனுஷ்கோடி சென்று, அங்கே கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் இறங்கி மீண்டும் ரயில் ஏறும் வசதி ஏற்பட்டது. 'போட் மெயில்' என்று நம் முன்னோர் அழைத்தது இதனைத்தான். யாழ்ப்பாணம் செல்வோர் தலைமன்னாரிலிருந்து மதவாச்சி சந்திப்பு வரை வந்து, வடக்கே செல்லும் ரயிலுக்கு மாறுவர்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படையினர் பலாலியில் விமானத் தளம் அமைத்தனர். போருக்காகப் போட்ட ஓடுபாதை பின்னர் மக்களுக்கும் பயன்பட்டது. 1947 டிசம்பர் 10-ஆம் நாள் ஏர் சிலோன் கம்பெனி தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. கொழும்புக்கு அருகில் உள்ள இரத்மலானையிலிருந்து கிளம்பிய டக்கோட்டா விமானம், காங்கேசன்துறை எனப்பட்ட இந்தப் பலாலியில் இறங்கி, அதன்பின் சென்னை வந்து சேர்ந்தது. இலங்கை விடுதலை பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் நடந்தது இது.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு ரயிலும் கடலுக்கு இரையாயிற்று. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து சென்று வந்தது. 1980-களில் இலங்கையில் போர் மூண்டபோது அதுவும் நின்றது.

போர்க் காலத்தில் பலாலி மீண்டும் படைத்தளமாக விளங்கியது. வடக்கே செல்லும் நெடுஞ்சாலை மூடப்படுவதும் திறக்கப்படுவதுமாக இருந்தது. 2002-இல் திறக்கப்பட்ட அச்சாலை 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009-இல் போர் ஓய்ந்தபின்னரே மறுபடியும் மக்களுக்குத் திறந்தது. 1990-இல் அறுந்த யாழ்ப்பாண ரயில் தொடர்பு 2014 அக்டோபரில்தான் மீண்டும் கிடைத்தது. அக்கரையிலிருந்து பலர் சிறு படகுகளில் ஏறி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இராமேசுவரக் கரை சேர்ந்தனர். அவர்களுக்கு அந்தக் கடல் எத்தனை கிலோமீட்டர் என்று எந்தத் தேசப்படமும் சொல்லாது.

பலாலியைச் சுற்றியிருந்த ஊர்களின் கதை இன்னும் உருக்கமானது. 1990-இல் அம்மக்கள் தம் வீடுகளையும் தோட்டங்களையும் விட்டு வெளியேறினர். அந்நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. போர் ஓய்ந்தபின் அவை பகுதி பகுதியாகத் திருப்பித் தரப்பட்டு வந்தன. சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள சொந்த வீட்டு முற்றத்தை மிதிக்கச் சிலருக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாயின. நடந்து போனால் ஒரு மணி நேரத்து வழி!

பின்னர் மெல்ல மெல்ல வழிகள் திறந்தன. 2019 அக்டோபர் 17-ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் விமானம் சென்னையிலிருந்து சென்று வந்தது. நான்கு மாதங்கள்கூட நிறைந்தன, நிறையவில்லை என்னும் நிலையில், 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்து அதை நிறுத்தியது. 2022 டிசம்பர் 12-ஆம் நாள் விமானம் மீண்டும் வந்தது. 2023 அக்டோபர் 14-ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டது. சில நாள்களில் நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் மறுபடியும் ஓடியது. தூரம் ஏறத்தாழ 60 கடல் மைல். நேரம் ஏறத்தாழ 4 மணி. இண்டிகோ விமானம் 2024 செப்டம்பர் 1 முதல் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் பலாலிக்குச் செல்லத் தொடங்கியது.

7. முடிவுரை

இத்தனை ஆண்டுகளிலும் சென்னைக்கும் பலாலிக்கும் இடையே உள்ள 191 கடல் மைல் மாறவே இல்லை. 1947-இல் டக்கோட்டா பறந்தபோதும், போர்க் காலத்தில் எவரும் கடக்க இயலாதபோதும், இன்றும் அது 191 கடல் மைலே. ஆனால் அதைக் கடக்கும் நேரமோ மணிக் கணக்கிலிருந்து ஆண்டுக் கணக்கு வரை நீண்டதையும், மீண்டும் மணிக் கணக்காகக் குறுகியதையும் கண்டோம். தூரத்தை நிர்ணயிப்பது பூமி. நேரத்தை நிர்ணயிப்பவர்கள் மனிதர்கள்: பாலம் கட்டுவோர், விமானம் ஓட்டுவோர், கடிகாரத்தைத் திருத்துவோர், சாலையை மூடுவோர், அதைத் திறப்போர்.

ஆகவே தோழியரே, இனி எவரேனும் "உலகம் சுருங்கிவிட்டது" என்று சொன்னால், "யாருக்கு? எந்த வழியில்? எந்த ஆண்டில்?" என்று பணிவோடு கேட்போம். நாளை நம்முள் சிலர் பொறியாளராகலாம். சிலர் விமானி ஆகலாம். சிலர் நாட்டின் அலுவல்களை நடத்தும் பொறுப்பில் அமரலாம். அப்போது வரைபடத்தில் இரு புள்ளிகளைப் பார்க்கும்போதெல்லாம், அவற்றின் இரு முனைகளிலும் காத்திருக்கும் மக்களையும் சேர்த்துப் பார்க்கப் பழகுவோம். புவியியல் நமக்குக் கற்பிக்கும் பெரும் பாடம் அதுவே.

செய்து பார்ப்போம்

(கிழக்கு மேற்குக் கலைகளை 0.98-ஆல் பெருக்கிக்கொள்க. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால் நம் பகுதியில் இந்தச் சிறு திருத்தம் தேவை.)

1. திருச்சி விமான நிலையம் வடக்கு 10 பாகை 46 கலை, கிழக்கு 78 பாகை 43 கலையில் உள்ளது. அங்கிருந்து பலாலிக்குத் தூரம் எவ்வளவு?

2. திருச்சியிலிருந்து சென்னை விமான நிலையத்திற்கு வான்வழித் தூரம் எவ்வளவு? முதல் விடையோடு ஒப்பிடுக. திருச்சிக்கு அருகில் இருப்பது எது: சென்னையா, பலாலியா?

3. நேபாள நாட்டின் கடிகாரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முன்னால் ஓடுகிறது. தில்லியில் காலை 10 மணிக்குக் கிளம்பும் விமானம் 1 மணி 45 நிமிடத்தில் காட்மாண்டு சேர்ந்தால், அங்கே மணி என்ன?

விடைகள்: (1) ஏறத்தாழ 98 கடல் மைல், அதாவது 182 கிலோமீட்டர். (2) ஏறத்தாழ 158 கடல் மைல், அதாவது 293 கிலோமீட்டர். அருகில் இருப்பது பலாலியே. (3) நண்பகல் 12 மணி.